பாட்டி தொடங்கி வைத்த நகல்

நல்ல தீனி கிடைத்தால் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். அதன் டிஎன்ஏ இருக்கும் குரோமோசோமை ஒரு முறை முழுதாக நகலெடுக்க 40 நிமிடம் வேண்டும். நகல் முடிந்த பிறகு நடுவில் சுவர் எழுப்பிப் பிரிய இன்னொரு 20 நிமிடம். கணக்கு இடிக்கிறது அல்லவா? இந்த மூன்று எண்களையும் ஒரே வாரத்தில் போர்டில் எழுதிவிட்டு, யாராவது கேட்கிறார்களா என்று வருடா வருடம் காத்திருப்பேன். பெரும்பாலும் மூன்றையும் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த வருடம் ஒரு பெண் எழுந்து, “மேடம், பிள்ளை பொறந்துடுச்சு, டிஎன்ஏ இன்னும் ரெடியாகலையே?” என்று கேட்டாள். மணி அடித்துவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

விடைக்கு முன்னால் பாடநூலில் இருக்கும் அந்தப் படத்தை ஒரு வழி பண்ணியாக வேண்டும். ஒரு நீள்வட்டம், உள்ளே காலியிடம், நடுவில் சாவகாசமாக மிதக்கும் ஒரு வளையம். அந்தப் படத்தின் மேல் எனக்குத் தீராத கோபம். ஈ.கோலையின் குரோமோசோம் வளையம்தான், அதில் தப்பில்லை. ஆனால் அந்த வளையத்தில் ஏ, டி, ஜி, சி என்ற டிஎன்ஏ எழுத்துகள் 46 லட்சம் ஜோடிகளாக இருக்கின்றன. ஒரு ஜோடிக்கும் அடுத்ததற்கும் இடையே 0.34 நானோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வரும். செல்லின் நீளமோ 2 மைக்ரோமீட்டர்தான். ஏறத்தாழ 800 மடங்கு வித்தியாசம். மிதப்பதற்கு ஏது இடம்?

நம் செல்களில் இருப்பது போல ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றி வைக்கும் ஏற்பாடு ஈ.கோலையில் கிடையாது. டிஎன்ஏவைச் சுற்றி உறையும் கிடையாது. அது முக்கியமாக நம்பியிருப்பது முறுக்கை. இரட்டைச் சுருளைக் கொஞ்சம் தளர்வாக, அதன் இயல்பான சுற்றுக்கு எதிர்த்திசையில் முறுக்கிவிட்டால் அது தன்மேல் தானே பின்னிக்கொண்டு சுருங்கும். இந்த வேலையைச் செய்யும் ஜைரேஸ் என்ற என்சைமை மார்ட்டின் கெல்லர்ட்டும் கூட்டாளிகளும் 1976ல் கண்டுபிடித்தார்கள். செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வெட்டி, வெட்டின் வழியாக இன்னொரு பகுதியை நுழைத்து, திரும்ப ஒட்டிவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. முறுக்கிய வளையத்தில் எங்காவது ஓர் இழை அறுந்தால் மொத்த முறுக்கும் அவிழ்ந்துவிட வேண்டும். அப்படி அவிழ்வதில்லை. சுமார் 10,000 எழுத்துக்கு ஒன்றாகத் தனித்தனிப் பகுதிகளாகத் தடுத்து வைத்திருக்கிறது. ஓரிடத்தில் அறுந்தால் அந்தப் பகுதி மட்டும் தளரும், பக்கத்துப் பகுதிக்கு ஒன்றும் ஆகாது.

இதற்கு மேல் எச்யூ, ஐஎச்எஃப், ஃபிஸ், எச்-என்எஸ் என்று ஒரு புரதக் கூட்டமே டிஎன்ஏவை ஆங்காங்கே வளைத்தும் கட்டியும் வைத்திருக்கிறது. ஐஎச்எஃப் உட்கார்ந்த இடத்தில் டிஎன்ஏ ஏறத்தாழ யூ திருப்பமே போட்டுவிடும். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், பரீட்சையில் நான் கேட்கமாட்டேன். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அது கலைந்து கிடக்கும் குவியல் அல்ல. குரோமோசோமில் இரண்டு மூன்று இடங்களில் ஒளிரும் புரதம் ஒட்டிக்கொள்ளும்படி செய்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், எந்தப் பகுதி செல்லில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. மெதுவாக வளரும் ஈ.கோலையில் நகல் தொடங்கும் இடம் நடுவில், வளையத்தின் இடப்பக்கம் செல்லின் ஒரு பாதியில், வலப்பக்கம் மறு பாதியில். காலோபாக்டர் என்ற இன்னொரு பாக்டீரியாவில் ஏற்பாடே வேறு. அதில் தொடங்கும் இடம் செல்லின் ஒரு முனையில், முடியும் இடம் எதிர்முனையில்.

சரி, நகலெடுப்புக்கு வருவோம்.

வளையம் நகலாகும்போது எப்படி இருக்கும் என்பதை முதலில் கண்ணால் பார்த்தவர் ஜான் கெய்ர்ன்ஸ். 1963ல் அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கும். டிஎன்ஏ கட்டத் தேவைப்படும் தைமிடினில் கதிரியக்க ஹைட்ரஜன் கலந்து ஈ.கோலைக்குத் தீனியாகக் கொடுத்தார். செல்களை மிக மிக மெதுவாக உடைத்து, உள்ளே இருந்த டிஎன்ஏ அறுந்துவிடாமல் ஒரு சவ்வின் மேல் படியவிட்டார். அதன் மேல் போட்டோ எமல்ஷனைப் பூசி, இருட்டில் இரண்டு மாதம் வைத்துவிட்டார். வேறொன்றும் செய்வதற்கில்லை, காத்திருக்க வேண்டியதுதான். கழுவிப் பார்த்தபோது கறுப்புப் புள்ளி வரிசையாக ஒரு வளையம், அதன் ஒரு பகுதி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்திருந்தது. பிரியும் இடத்தில் ஒய் வடிவத்தில் ஒரு கவட்டை. ஒரு கவட்டைதான் நகர்கிறது, மற்றது சும்மா நிற்கிறது என்று அவர் எண்ணினார். இரண்டுமே எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பது 1970களின் தொடக்கத்தில்தான் தெளிவானது.

இதே கெய்ர்ன்ஸ் 1969ல் பவுலா டி லூசியாவோடு சேர்ந்து இன்னொரு வேலையும் செய்தார். டிஎன்ஏ நகலெடுக்கும் என்சைம் என்று ஆர்தர் கோர்ன்பெர்க் கண்டுபிடித்திருந்ததே, 1959ல் நோபல் பரிசுகூட வந்ததே, அது அநேகமாக இல்லாமலே உயிர்வாழும் ஒரு ஈ.கோலையைப் பிடித்துவிட்டார்கள். அப்படியானால் குரோமோசோமை நகலெடுப்பது வேறு யாரோ. அந்த ‘வேறு யாரோ’வைத் தேடிப் பிடித்தவர்களில் ஒருவர் கோர்ன்பெர்கின் மகன் தாமஸ். அவர் அதுவரை இசைக் கல்லூரியில் செல்லோ படித்துக்கொண்டிருந்தவர். அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற மகன் களத்தில் இறங்கியதாக எங்கள் துறையில் ரசித்துச் சொல்வார்கள். மிகைதான், ஆனாலும் கேட்க நன்றாக இருக்கும்.

இரண்டு கவட்டைகள், ஆளுக்குப் பாதி வளையம், அதாவது 23 லட்சம் எழுத்து. 40 நிமிடம் என்றால் 2,400 நொடி. நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் எழுத்து. இதுவே வாயைப் பிளக்க வைக்கும் வேகம். இன்னொன்றும் இருக்கிறது. இரட்டைச் சுருளில் பத்தரை எழுத்துக்கு ஒரு சுற்று. நொடிக்கு ஆயிரம் எழுத்தைப் பிரித்துக்கொண்டு போனால், கவட்டைக்கு முன்னால் நொடிக்கு 95 சுற்று முறுக்கு சேரும். நிமிடத்துக்கு 5,700 சுற்று. யாராவது அதை அவிழ்த்துக்கொண்டே இல்லையென்றால் சில நொடிகளில் வேலை நின்றுவிடும். அவிழ்ப்பது மேலே சொன்ன அதே ஜைரேஸ்தான். சிறுநீர்த் தொற்றுக்கு டாக்டர் எழுதித் தரும் சிப்ரோ மாத்திரை பிடித்துக்கொள்வதும் இதைத்தான். ஜைரேஸ் டிஎன்ஏவை வெட்டி வைத்திருக்கும் அந்த நொடியில், ஒட்டவிடாமல் செய்துவிடும். பின்னால் ஓடி வரும் கவட்டை அதில் போய் மோதும். வழி அடைபடுவது மட்டுமல்ல, குரோமோசோமே அங்கே அறுந்துபோகும்.

ஆக, கவட்டையை இதற்கு மேல் விரட்ட முடியாது. நல்ல தீனி கொடுத்தாலும் அந்த 40 நிமிடம் அவ்வளவாகக் குறையாது. பிறகு 20 நிமிடத்தில் எப்படிப் பிள்ளை பிறக்கிறது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கருவி வருகிறது. அமெரிக்காவில் பஃபலோ நகரில் இருந்த சார்ல்ஸ் ஹெல்ம்ஸ்டெட்டர் கண்டுபிடித்தது. ஒரு வடிதாளின் மேல் ஈ.கோலை செல்களை ஊற்றினால் அவை ஒட்டிக்கொள்ளும். வடிதாளைத் தலைகீழாகத் திருப்பி, மேலிருந்து வெதுவெதுப்பான மீடியத்தை, அதாவது தீனிக் கரைசலை, சீராக ஓடவிட வேண்டும். ஒட்டிய செல் பிரியும்போது ஒரு பாதி தாளோடு இருக்கும், மற்றப் பாதி, அப்போதுதான் பிறந்த குட்டி, கீழே விழும். அதனால் இதற்கு ‘பேபி மெஷின்’ என்றே பெயர். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலில் விழும் குட்டியின் தாய், ஒட்டவைத்த நேரத்தில் பிரியும் தறுவாயில் இருந்தவள். கடைசியில் விழும் குட்டியின் தாய், அப்போதுதான் பிறந்தவள். ஆகவே ஒட்டவைக்கும் முன் ஒரு நிமிடம் கதிரியக்கத் தைமிடினைக் காட்டி எடுத்துவிட்டால், எந்த நேரத்தில் விழும் குட்டியில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்பதை வைத்து, எந்த வயதில் செல் எவ்வளவு மும்முரமாக நகலெடுத்தது என்று பின்னோக்கிப் படித்துவிடலாம்.

ஸ்டீபன் கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் 1968ல் வெளியிட்ட விடை இதுதான்: ஒரு நகல் முடியட்டும், அடுத்ததைத் தொடங்கலாம் என்று செல் காத்திருப்பதே இல்லை. முதல் சுற்று நடுவழியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, புதிதாக உருவான தொடக்க இடங்களில் அடுத்த சுற்றைத் தொடங்கிவிடும். அது பாதி போனதும் அதற்கடுத்தது.

20 நிமிடக் கணக்கைப் போட்டே பார்க்கலாம். இப்போது ஒரு செல் பிறக்கிறது, பிறந்த கையோடு ஒரு சுற்று நகலைத் தொடங்குகிறது. 20வது நிமிடத்தில் அது பிரிந்து இரண்டு மகள்கள். தொடங்கிய நகல் பாதிதான் ஆகியிருக்கிறது, அப்படியே மகள்களுக்குப் போகிறது. 40வது நிமிடத்தில் மகள்கள் பிரிந்து பேத்திகள். அப்போதுதான் பாட்டி தொடங்கிய நகல் முடிகிறது. 60வது நிமிடத்தில் பேத்தி பிரியும்போதுதான் அந்த நகலால் உண்டான இரண்டு குரோமோசோம்களும் ஆளுக்கொன்றாகக் கொள்ளுப்பேத்திகளுக்குப் போகின்றன. பேத்தி கல்யாணத்துக்கு இன்றே நகைச்சீட்டில் சேர்ந்துவிடும் பாட்டியைப் போலத்தான். 20 நிமிடத்துக்கு ஒரு பிரசவம் நடக்கிறது, ஆனால் அதற்கான ஏற்பாடு ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டது. வகுப்பில் கேட்ட பெண்ணுக்கு இதுதான் பதில்: டிஎன்ஏ ரெடியாகத்தான் இருக்கிறது, முந்தின தலைமுறைகளின் புண்ணியத்தில்.

இதைப் படிப்பது வேறு, பார்ப்பது வேறு. பெங்களூரில் ஆய்வுப் பட்டத்துக்கு நான் இருந்தபோது இதைக் கண்ணால் பார்க்கும் சோதனையை அடிக்கடி செய்வேன். ஷேக்கரில் 37 டிகிரியில் ஈ.கோலை நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும். எல்பி மீடியத்தின் அந்த ஈஸ்ட் வாடையோடு, ஈ.கோலையின் இலேசான மல வாடையும் சேர்ந்து அறை முழுக்க நிற்கும். அதில் இரண்டு மருந்துகளை விடவேண்டும். இரண்டுமே மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பவைதான். ஒன்று ரிஃபாம்பிசின், காசநோய்க்குக் கொடுக்கும் செங்கல் நிறப் பொடி, கையுறையில் பட்டால் போகாது. மற்றது செஃபலெக்சின். ரிஃபாம்பிசின் புதிய நகல் எதையும் தொடங்கவிடாது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கவட்டைகளை நிறுத்தாது. செஃபலெக்சின் செல்லைப் பிரியவிடாது. மூன்று நான்கு மணி நேரம் விட்டால், தொடங்கிய நகல்கள் எல்லாம் ஓடி முடிந்து, ஒவ்வொரு செல்லிலும் முழுக் குரோமோசோம்களாக நிற்கும். மருந்து விட்ட நேரத்தில் செல்லில் எத்தனை தொடக்க இடங்கள் இருந்தனவோ, அத்தனை குரோமோசோம்.

ஆல்கஹாலில் போட்டு, டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் சாயம் ஏற்றி, செல்லின் ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒவ்வொரு செல்லாக ஓடவிட்டால், செல்லுக்கு எத்தனை குரோமோசோம் என்பதற்கேற்பத் திரையில் சிகரங்கள் எழும். அசிடேட்டில் மெல்ல வளர்ந்த செல்களில் 1, 2 என்ற இடங்களில் சிகரம். குளுக்கோஸில் வளர்ந்தால் 2, 4. எல்பியில் கொழுத்தவற்றில் 4, 8. நடுவில் 3, 5, 6, 7 என்ற இடங்கள் துடைத்து வைத்தது போல் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தைத்தான் நான் முதல் முறை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு செல்லில் நான்கு தொடக்க இடங்கள் இருந்தால் நான்கும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன என்று அர்த்தம். ஒன்றிரண்டு முந்தினால் 5, 6 என்று சிகரம் எழுந்திருக்கும். ஆஸ்லோவில் கிர்ஸ்டன் ஸ்கார்ஸ்டாட், எரிக் போயே, ஹரால்ட் ஸ்டீன் ஆகியோர் 1986ல் காட்டியது இதைத்தான். டிஎன்ஏ-ஏ என்ற புரதத்தில் பழுதுள்ள செல்களை இதே மாதிரி ஓடவிட்டால் 3, 5, 6, 7 எல்லாம் முளைத்துவிடும், திரை அசிங்கமாக இருக்கும்.

அந்த டிஎன்ஏ-ஏதான் தொடக்கி வைப்பது. நகல் தொடங்கும் இடம் 245 எழுத்து நீளம். அதில் டிஎன்ஏ-ஏ உட்காரும் இருக்கைகள் இருக்கின்றன. அது ஏடிபியோடு சேர்ந்து போதுமான அளவு குவிந்தால், பக்கத்தில் ஏ, டி எழுத்துகள் மிகுந்த பகுதி விலகித் திறக்கும். எப்போது போதுமான அளவு? செல் பெரிதாக வேண்டும். ஒரு தொடக்க இடத்துக்கு இவ்வளவு செல் பருமன் என்று ஏறத்தாழ மாறாத ஒரு விகிதம் இருப்பதை வில்லியம் டொனாச்சி அதே 1968ல் கணக்குப் போட்டுச் சொன்னார். நல்ல தீனியில் செல்கள் பருமனாக இருப்பது ஏன் என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

ஆனால் தொடங்கிய மறு நொடியே அதே இடம் மறுபடி கிளம்பிவிடாமல் எது தடுக்கிறது? எனக்கு இதுதான் மொத்தக் கதையிலும் அழகான இடம். ஜி-ஏ-டி-சி என்ற நான்கெழுத்து வரும் இடமெல்லாம் ஈ.கோலை ஏ-வின் மேல் ஒரு மெத்தில் குறி வைக்கும். நான்கெழுத்துச் சொல் ஒன்று தற்செயலாக வரவேண்டுமானால் 256 எழுத்துக்கு ஒரு முறை வரும். 245 எழுத்துக்குள் ஒன்று இருந்தாலே ஜாஸ்தி. இருப்பதோ 11! தொடக்க இடம் நகலான கணத்தில் பழைய இழையில் குறி இருக்கும், புதிய இழையில் இன்னும் இருக்காது. இந்த அரைகுறை நிலையைக் கண்டதும் செக்-ஏ என்ற புரதம் வந்து அந்த இடத்தை மூடிக்கொள்ளும். தலைமுறை நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு யாரும் அங்கே நெருங்க முடியாது. அதற்குள், ஓடும் கவட்டையோடு சேர்ந்த இன்னொரு புரதம், டிஎன்ஏ-ஏ வைத்திருக்கும் ஏடிபியை உடைத்து அதைச் செயலிழக்க வைத்துவிடும். மூடி திறக்கும்போது தொடக்கி வைக்க ஆள் இருக்காது.

வளையத்தின் எதிர்ப்புறத்தில் இரண்டு கவட்டைகளும் சந்திக்கும். சந்தித்த பிறகு சங்கிலிக் கண்ணிகளாகக் கோத்திருக்கும் வளையங்களைக் கழற்றுவது, சுவர் எழும் இடத்தில் எஃப்டிஎஸ்-கே என்ற பம்பு மிச்சமிருக்கும் டிஎன்ஏவை இரண்டு பக்கமும் இழுத்துப்போடுவது எல்லாம் தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றுகள் ஓடுவதால் ஒரு பக்க விளைவு உண்டு. வேகமாக வளரும் செல்லில் தொடக்க இடத்துக்கு அருகில் உள்ள மரபணுக்கள், முடியும் இடத்தருகே உள்ளவற்றைப் போல நான்கு மடங்கு பிரதிகளாக இருக்கும். வேகமாக வளர எது அதிகம் வேண்டும்? புரதம் தயாரிக்கும் ரைபோசோம். ஈ.கோலையில் ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான 7 மரபணுத் தொகுதிகளில் பெரும்பாலானவை தொடக்க இடத்தின் அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன, ஏழுமே கவட்டை ஓடும் திசையிலேயே படிக்கப்படுகின்றன. 2015ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரன் செகல் குழுவினர் இதே விகிதத்தை வைத்து வேறொரு வேலை பார்த்தார்கள். மலத்தில் உள்ள டிஎன்ஏவை மொத்தமாகப் படித்து, ஒவ்வொரு பாக்டீரியாவிலும் தொடக்க இடத்துப் பிரதிக்கும் முடிவிடத்துப் பிரதிக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், குடலில் எது வளர்ந்துகொண்டிருக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று வளர்த்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

காலராக் கிருமிக்கு இரண்டு குரோமோசோம்கள். பெரியதில் சுமார் 30 லட்சம் எழுத்து, சின்னதில் 11 லட்சம். இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கினால் சின்னது வெகு முன்பே முடிந்துவிடும். அதனால் பெரியதில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கவட்டை கடந்த பிறகுதான் சின்னது தொடங்கும். இரண்டும் அநேகமாகச் சேர்ந்தே முடியும். அந்தச் சிறு இடத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் சின்னது தொடங்கும் நேரமும் அதற்கேற்ப மாறிவிடும் என்று பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் 2016ல் செய்தே காட்டிவிட்டார்கள்.

இந்த அவசரம் எதுவும் இல்லாத கிருமியும் உண்டு. காசநோய்க் கிருமியின் குரோமோசோம் 44 லட்சம் எழுத்து, ஈ.கோலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஹிரியண்ணாவும் டி. ராமகிருஷ்ணனும் 1986ல் அளந்தபோது, அதை ஒரு முறை நகலெடுக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆவது தெரிந்தது. கவட்டையே அவ்வளவு மெதுவாக நகர்கிறது. செல் இரண்டாவதற்குச் சுமார் 20 மணி நேரம். பாட்டி முன்கூட்டித் தொடங்க வேண்டிய தேவையே இல்லை, அவரவர் வேலையை அவரவர் ஆயுளுக்குள் முடித்துக்கொள்ளலாம். சளியைக் கல்ச்சருக்குக் கொடுத்தால், ஒன்றும் வளரவில்லை என்று ரிப்போர்ட் எழுத லேபில் ஆறிலிருந்து எட்டு வாரம் காத்திருப்பது இதனால்தான். ஜைரேஸ் அதற்கும் உண்டு. ஈ.கோலையிடம் ஜைரேஸுக்குத் துணையாக இருந்து, கோத்த வளையங்களைக் கழற்றும் டோப்போ-4 என்சைம்தான் இதனிடம் இல்லை, இரண்டு வேலையையும் ஜைரேஸே பார்த்தாக வேண்டும். மற்ற மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்குச் சிப்ரோவின் உறவுக்காரர்களான லீவோஃப்ளாக்சசினையும் மாக்சிஃப்ளாக்சசினையும் டாக்டர்கள் எழுதும்போது குறிவைப்பது அந்த ஒரே ஜைரேஸைத்தான்.